முதுகு திறந்த பதக்கம்

புதுச்சேரி
பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள அபி அப்பாவுக்கு, உங்கள் அஞ்சலாட்சி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

கடிதமா என்று சிரிக்காதீர்கள். உங்கள் போனுக்கு அடித்தால் ஒரு பெண்பிள்ளை எடுத்து, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்கிறாள். ஆடி மாசத்திலிருந்து அவள் குரலைக் கேட்டுக் கேட்டு இப்போது அவள் எனக்கு நாத்தனார் மாதிரி ஆகிவிட்டாள். நல்லவேளை, நம் குப்பத்துக் கலைச்செல்வன் பொங்கலுக்கு வந்தான். கர்நாடகத்து மல்பே துறைமுகத்தில் உங்களைப் பார்த்தானாம். 'அண்ணன் எளைச்சிட்டாரு அண்ணி. யாரோ ஒருத்தர் படகுல வலை இழுக்கறாரு. நம்ம ஊர் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறாரு' என்றான். சொந்தப் படகு இங்கே கரையில் வெயில் காய, நீங்கள் அங்கே அடுத்தவன் வலையை இழுக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று கலைச்செல்வனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவனைத் திட்டாதீர்கள்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அம்மன் பதக்கத்தை மாசி மகத்துக்கு முன்னால் நகைக்கடையில் போட்டுவிட்டுப் புதுப் பதக்கம் வாங்குவதென்று ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். கல் கறுத்த பதக்கம் அம்மன் கழுத்துக்கு ஆகாதாம். நாட்டார் வரிசையிலிருந்து பலராமன் அண்ணன் எழுந்து, 'நடந்தது நடந்துபோச்சு. தணிகாசலம் குடும்பத்து மேல கேஸு கீஸுன்னு போவ வேணாம். பெரிய மனசு பண்ணி விட்டுடுவோம்' என்று பேசினாராம். பெரிய மனசாம்! கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கருவடிக்குப்பத்தில் மீன் விற்கப் போன இடத்தில் ஒரு வாடிக்கைக்கார அம்மாவிடம் காரணமே இல்லாமல் சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். பெரிய மனசோடு விட்டார்கள் என்றால் நீங்கள்தான் கல்லை மாற்றினீர்கள் என்று ஊரே முத்திரை குத்தியது போல. பதக்கம் கடைக்குப் போனால் பொன்னை எடுத்துக்கொண்டு கல்லைக் கழித்துக் குப்பையில் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது நிஜக் கல்லா பொய்க் கல்லா என்று எந்தச் சாமி வந்தும் சொல்ல முடியாது. உங்கள் பேரும் அந்தக் குப்பையோடு போகும். நாளைக்கு அபிக்கு ஒரு வரன் பார்க்கப் போனாலும், அம்மன் கல்லைத் திருடியவர் மகளா என்றுதான் கேட்பார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். நான் ஒரு மூடி கண்டுபிடித்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலன்று அபியை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகச் சொன்னேன். நர்சிங் பரீட்சைக்குப் படித்துப் படித்துப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் சூடு. காதில் கிடந்த சிவப்புக்கல் கம்மலைக் கழற்றாமலே முழுகிவிட்டாள். மறுநாள் பார்த்தால் ஒரு கல் பொட்டென்று கறுத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் கார்குழலி எட்டிப் பார்த்துவிட்டு, 'எண்ணெ எறங்கிடுச்சு அண்ணி. கல்லுக்கு ஒண்ணும் ஆவல. உள்ள இருக்கற தகடு கறுத்திருக்கும். பத்தர்கிட்ட குடுத்தா வேற தகடு வச்சுக் கட்டிக் குடுப்பாரு' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அவள் போய்விட்டாள், நான்தான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

நம் அம்மன் பதக்கமும் அப்படிக் கட்டினதுதானே? ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் பளபளவென்று வெள்ளித் தகடு வைத்து, முதுகை மூடி அடைத்தது. அது இத்தனை வருஷமும் கடல் தண்ணீரைத் தொட்டதே இல்லை. தீர்த்தவாரிக்கு முன்னால் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவது வழக்கம். போன வருஷம்தான் நீங்கள் நாட்டாராகிப் பெட்டிச் சாவி உங்கள் கைக்கு வந்தது. 'எங்க ஆத்தா மூளிக் கழுத்தோட கடலுக்குப் போவக்கூடாது' என்று அடம்பிடித்து, பதக்கத்தோடு அவளை அலையில் இறக்கினது யார்? ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டதே, அந்த நிமிஷம் கல்லுக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படியே ஈரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டினோம். ஆடிக்குத் திறந்தால் காய்ந்த ரத்தம் மாதிரி இருந்தது. எண்ணெய்க்கே கறுக்கிற தகடு கடலுக்குக் கறுக்காதா?

அப்போது அழைத்து வந்த அந்த அடகுக்கடைக்காரர் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, கல்லில் உயிர் இல்லை, மாற்றியிருப்பார்கள் என்று சொன்னாரே, அவரை ஏன் பின்பக்கம் திறந்து பார்க்கச் சொல்லவில்லை? அம்மன் நகையை உடைக்கக்கூடாதாம். மனுஷன் பேரை உடைக்கலாமாம். கல்லு கம்மல் போட்ட எந்தப் பொம்பளையிடம் கேட்டிருந்தாலும் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள். மீசை வைத்தவர்களாகவே வட்டம் கட்டி உட்கார்ந்து பேசினால் இப்படித்தான் முடியும். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இத்தனைக்கும் அந்தக் கல் எல்லாம் எங்கள் காதிலிருந்து போனது. கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்கு மறுவருஷம், உயிரோடு விட்டாளே என்று ஆளுக்கொரு கல் கழற்றிக் கொடுத்துச் செய்த பதக்கம். ஆனால் ஆடியில் பெட்டி திறந்தபோது எங்களில் ஒருத்தியையும் பக்கத்தில் விடவில்லை.

நாளைக்குத் தனக்கொடி அக்காவிடம் போகிறேன். அவள் சொன்னால் குப்பத்துப் பெண்கள் கேட்பார்கள்.

ஒன்று மட்டும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வந்து, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்களே, 'நீ என்னை நம்புறியாடி' என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் ஒரு அறை கொடுத்து உட்கார வைத்திருப்பேன். நீங்கள் போனதுதான் அவர்களுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஈரத் துணியோடு படுக்காதீர்கள்.

உங்கள்
அஞ்சலாட்சி


புதுச்சேரி
தை கடைசிச் செவ்வாய்

அபி அப்பாவுக்கு, அஞ்சலாட்சி ஆசையோடு எழுதிக்கொண்டது.

படித்தீர்கள் என்று கலைச்செல்வன் போனில் சொன்னான். இரண்டு தரம் படித்தீர்களாம், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்களாம். இருக்கட்டும். இதை அவன் விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

தனக்கொடி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். 'அடிப்பாவி, இது எனக்குத் தோணாமப் போச்சே' என்றாள். நாங்கள் நாலு பேர் நாட்டார்களிடம் போய், கடைக்குப் போகும் முன்னால் எங்கள் கண்ணெதிரே கல்லைக் கழற்றுங்கள் என்று கேட்டோம். பொம்பளைங்க கோயில் காரியத்தில் தலையிடக் கூடாது என்று பதில் வந்தது. அக்கா சிரித்துவிட்டு வந்தாள். அவள் சிரித்தால் எனக்கே பயம்.

மறுநாள் விடிந்து படகெல்லாம் கரை சேர்ந்தது. மீனைக் கொட்டினார்கள். வஞ்சிரம், சங்கரா, பாறை என்று நல்ல மீன்பாடு. பலராமன் அண்ணன் படகில்தான் அதிகம். ஏலக்காரர் கூவ ஆரம்பித்தார். ஏலம் எடுக்க வேண்டிய நாங்கள் எல்லாரும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தியும் விலை கேட்கவில்லை. அவர் மறுபடி கூவினார். காக்காய்தான் பதில் சொன்னது. வெளி வியாபாரி வண்டியாவது வரும் என்று ஆம்பிளைகள் ரோட்டைப் பார்த்தார்கள். முந்தின நாளே அக்கா அந்த வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட்டு, 'நாளைக்கு எங்க குப்பத்துல மீனு இல்ல' என்று சொல்லிவிட்டது அவர்களுக்குத் தெரியாது.

வெயில் ஏறியது. ஐஸ் உருகி மணலில் ஓடியது. என் பக்கத்தில் பலராமன் பெண்டாட்டி துர்காவும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள், அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் இரண்டு தரம் கண்ணைக் காட்டியும் அவள் எழவில்லை. கடைசியில் அவரே வந்து, 'இப்ப என்னாதான் பண்ணணும்ங்கறீங்க?' என்று கத்தினார். அக்கா உட்கார்ந்தபடியே, 'கல்லு எங்க காதுது. அதோட முதுகைப் பார்க்கணும்' என்றாள். அவ்வளவுதான். பெட்டி கோயில் பந்தலுக்கு வந்துவிட்டது.

முத்தியால்பேட்டையிலிருந்து காசிலிங்க பத்தரை அழைத்து வந்தோம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தன்னைப்போல் கல் கட்ட இந்தக் கடற்கரையில் ஆள் இல்லை என்று நாம் கேட்காமலே சொல்லிக்கொள்வார். வேலை தொடங்கும் முன்னால் மூன்று டீ குடித்தார். நான்காவது டீக்கு அக்கா விடவில்லை.

பத்தர் உளியை எடுக்கும் முன்னால் அக்கா எல்லாரையும் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். 'வலப்பக்கம் மேல இருக்கறது என் கல்லு. அடியில ஒரு ஓரம் மூக்கு ஒடைஞ்சிருக்கும். என் மவன் கைக்குழந்தையா இருந்தப்ப கம்மலை அம்மிக்கல்லுல தட்டி ஒடைச்சான். பதக்கத்துக்குள்ள அடைஞ்சு இருக்கறதால யாருக்கும் தெரியாது. இருந்தா என் கல்லு. இல்லன்னா தணிகாசலம் திருடன். நானே போலீசுக்குப் போறேன்' என்றாள். நான் உங்களை நம்புகிறேன், சரி. ஆனால் கல் மூக்கு உடைந்திருக்கிறதை அக்கா சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாளா என்று எப்படி நம்புவது?

பத்தர் பின் தகட்டை நெம்பினார். உள்ளே உப்புப் பூத்திருந்தது. கல்லுக்கு அடியில் வைத்திருந்த வெள்ளித் தகடு கரியாகி, சுருண்டு, தொட்டதும் பொடியானது. அந்தப் பொடியை உள்ளங்கையில் கொட்டி எல்லாருக்கும் காட்டினார். அப்புறம் கல்லை எடுத்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தூரிகையால் தேய்த்து, இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் தூக்கினார். அபி அப்பா, என்னவென்று சொல்வேன், மாதுளை முத்து மாதிரி சிவந்தது. திருப்பினார். அடியில் ஒரு ஓரம் மூக்கு உடைந்திருந்தது.

நான் அழுதேன். அக்கா அழவில்லை, பத்தரிடம், 'இப்ப நாலாவது டீ குடிங்க' என்றாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லாக வந்தது. கார்குழலி மாமியார் கல்லில் உள்ளே ஒரு வெள்ளைக் கீறல், என் கல்லில் ஒரு பக்கம் நிறம் மட்டு. அவரவர் அடையாளத்தைச் சொல்லச் சொல்ல, பத்தர் எடுத்துக் காட்டினார். நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன், கழுத்து வலிக்கிற அளவுக்கு.

நடுவில் இருந்த பெரிய கல் கடைசியாக வந்தது. பலராமன் அண்ணன் வீட்டில் கொடுத்தது, அன்றைக்கு மைக்கில் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்களே, அது. பத்தர் கழுவினார், பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பெருமை பேசுகிற மனுஷன் முகம் சுருங்கிவிட்டது. 'இது கல்லு இல்ல தாயி. கண்ணாடி' என்றார்.

பலராமன் அண்ணன் துள்ளி எழுந்தார். 'பாத்துக்குங்க! சின்னக் கல்லையெல்லாம் விட்டுட்டுப் பெரிய கல்லை மாத்தியிருக்கான். எனக்கு அப்பவே தெரியும்' என்று பந்தல் அதிரக் கத்தினார். கரைக்கு வந்த படகு அலையில் கவிழ்ந்தது போல ஆகிவிட்டது எனக்கு. கூட்டம் என் பக்கம் திரும்பியது. அபி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அப்போது துர்கா எழுந்தாள். புடவைத் தலைப்புக்குள் கைவிட்டு, கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியை வெளியே எடுத்தாள். அதன் நுனியில் ஒரு சிவப்புக் கல். அதே அளவு, அதே வடிவம்.

'தணிகாசலம் அண்ணன் மாத்தல. நான்தான் மாத்தினேன். செய்யும்போதே மாத்திட்டேன். இது எங்க அம்மா கல்லு. அவங்களைக் கடல் கொண்டுபோச்சு, இது மட்டும் வீட்டுல இருந்தது. இவரு குடுத்துடுன்னாரு. எனக்கு மனசு வரல. கடையில அதே மாதிரி கண்ணாடி வாங்கிக் குடுத்துட்டேன். முதுகை மூடிக் கட்டிட்டாங்க, யாருக்கும் தெரியல' என்றாள். தன் புருஷனைப் பார்த்து, 'ஆடியிலேருந்து எனக்குச் சோறு எறங்கல. கல்லு கறுத்ததுக்கு என் பொய்தான் காரணம், ஆத்தா கோவம்னு நெனச்சேன். அஞ்சலாட்சி அக்கா கம்மல் கதையைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு' என்றாள்.

பத்தர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பலராமன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். யாரும் துர்காவைத் திட்டவில்லை. அம்மாவைக் கடலுக்குக் கொடுத்தவளிடம் என்ன சொல்வது? அக்கா, 'ஒன் கல்லு ஒன்கிட்டயே இருக்கட்டும்டி' என்றாள். துர்கா கேட்கவில்லை. 'வேணாங்கா. இனிமே இது கழுத்துல கெடந்தா தொண்டையை இறுக்கும். அம்மனுக்கே கட்டுங்க' என்று சங்கிலியிலிருந்து கழற்றிப் பத்தர் தட்டில் வைத்தாள். நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அவள் தந்ததை நான் உயிர் இருக்கும்வரை திருப்பிக் கொடுக்க முடியாது.

பதக்கத்தைக் கடையில் போடுகிற பேச்சு அதோடு செத்தது. புதுத்தகடு வைத்துப் பழையபடி மூடிக் கட்டட்டுமா என்று பத்தர் கேட்டார். வேண்டாம், முதுகைத் திறந்தே கட்டுங்கள் என்று நான் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்னால் எல்லாப் பெண்களும் அதையே சொன்னார்கள்.

பத்தர் ஒளிக்காமல் பேசினார். மூடிக் கட்டினால் தகடு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், இருட்டுக் கோயிலிலும் கல் சிவப்பாகத் தெரியும். திறந்து கட்டினால் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் சிவக்கும், மற்ற நேரம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். பச்சைப் பட்டுக்கு மேல் போட்டால் கறுப்பாகக் காட்டும், அதனால் சந்தனக் காப்புக்கு மேல் போடுங்கள், சந்தனம் அடைத்தால் தூரிகையால் தட்டிவிடுங்கள் என்றார். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அபி கேட்டாள். 'என்னா ஆவும்? பின்பக்கம் தொறந்துகெடக்கு, தண்ணி வந்த வழியே போயிடும். தொடைச்சு வச்சா தீர்ந்துது' என்றார். வெளிறினால் வெளிறட்டும், யாருக்குச் சந்தேகம் வந்தாலும் திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டோம்.

கலையும்போது ஒரு நாட்டார் என் பக்கமாக வந்து, தணிகாசலம் மேல் தப்பில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். எனக்கு முணுமுணுப்பு போதாது. ஆடியில் பலராமன் அண்ணன் உங்களைத் திருடன் என்றது மைக்கில். இல்லை என்பதும் மைக்கில்தான் வர வேண்டும். அதுவரை வீட்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட மாட்டேன். நீங்களும் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

துர்காவை நினைத்தால்தான் கவலை. அவர் அவளோடு பேசுவதில்லையாம். அபி பரீட்சை எழுதிவிட்டாள், நன்றாக எழுதினேன் என்கிறாள். புயலில் பறந்த கூரைத் தகரத்தை உங்கள் தம்பி நெடுமாறன் வந்து சரிசெய்து கொடுத்தான்.

உங்கள்
அஞ்சலாட்சி


புதுச்சேரி
மாசி மகத்துக்கு மறுநாள்

என் அபி அப்பாவுக்கு, தலை நிமிர்ந்த அஞ்சலாட்சி எழுதிக்கொண்டது.

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வைத்திக்குப்பம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. மயிலம் முருகனிலிருந்து எல்லாச் சாமியும் வரிசையாக வந்து நின்றது. நம் அம்மனைச் சந்தனக் காப்பில் அலங்கரித்துத் தூக்கி வந்தார்கள். கழுத்தில் பதக்கம். கடலில் இறக்குமுன் கழற்றிவிடலாம் என்று பூசாரி இழுத்தார். பலராமன் அண்ணன்தான், 'தணிகாசலம் செஞ்சபடியே செய்யுங்க' என்றார். என் காதையே நான் நம்பவில்லை.

பதக்கத்தோடு அம்மன் அலைக்குள் போனாள். நாங்கள் அத்தனை பெண்களும் முழங்கால் தண்ணீரில் நின்றோம். ஒரு பெரிய அலை அவள் தலைக்கு மேல் போய்த் திரும்பியது. பத்தரும் வந்திருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. வாய் ஓயாத மனுஷன் அப்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கரையேறியதும் பலராமன் அண்ணன் பதக்கத்தைக் கழற்றினார். துண்டால் ஒற்றி எடுத்தார். எல்லாரும் பார்க்கிற மாதிரி சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அபி அப்பா, பின்பக்கம் புகுந்த வெயில் ஒவ்வொரு கல்லையும் துளைத்துக்கொண்டு வந்தது. அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை நெஞ்சில் சிவப்புச் சிவப்பாகப் பொட்டு விழுந்தது. நடுவில் பெரிய பொட்டு, துர்கா அம்மா கல்லுடையது. ஒரு கல்லும் கறுக்கவில்லை. பக்கத்துக் குப்பத்துச் சனமெல்லாம் அவரவர் சாமியை விட்டுவிட்டு இங்கே ஓடிவந்தது. தனக்கொடி அக்கா குலவை போட்டாள் பாருங்கள், மயிலம் முருகனே திரும்பிப் பார்த்திருப்பார்.

பிறகு அவர் மைக்கைக் கையில் வாங்கினார். 'போன வருஷம் இந்தக் கல்லு கறுத்ததுக்கு உப்புத் தண்ணிதான் காரணம். பெட்டியில இருந்த கல்லை யாரும் மாத்தல. நான் ஒரு நல்ல மனுஷன் மேல பழி போட்டேன். என் வீட்டுக்குள்ளயே இருந்ததை நான் பாக்கல. தணிகாசலம் அண்ணன் எங்க இருந்தாலும் என்னை மன்னிக்கணும்' என்றார். உங்கள் பெயர் அந்தக் கடற்கரை முழுக்கக் கேட்டது. ஸ்பீக்கர் கோடிவரை கட்டியிருந்தார்கள், எதிரொலித்து எதிரொலித்து இரண்டு தரம் கேட்டது.

அவர் அத்தோடு விடவில்லை. இந்த வருஷ முதல் பரிவட்டம் தணிகாசலத்துக்கு, அவர் சார்பில் யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். எல்லாரும் நெடுமாறனைப் பார்த்தார்கள். அவன் நகரவில்லை. 'அண்ணி இருக்கும்போது நான் எதுக்கு?' என்றான். இனிமேல் மீன் குழம்பில் தலை உங்கள் தம்பிக்குத்தான்.

பின்னாலிருந்து பெண்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். பூசாரி பட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, பொம்பளைக்குக் கட்டுற வழக்கம் இல்லையே என்று தயங்கினார். அக்கா, 'அம்மன் யாரு, ஆம்பிளையா?' என்று கேட்டாள். சனம் சிரித்துவிட்டது. பூசாரியும் சிரித்துவிட்டார். ஈரப் புடவையும் கலைந்த தலையுமாக நின்ற எனக்கு, ஊர் பார்க்க, பரிவட்டம் கட்டினார்கள். நம் குப்பத்தில் ஒரு பெண்பிள்ளை தலையில் அது ஏறினது அதுதான் முதல் தடவை. நான் அழக் கூடாது என்று வைராக்கியமாக நின்றேன். அபிதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டோ எடுத்தாள், எல்லாப் போட்டோவும் ஆடிப்போயிருக்கிறது.

திரும்பி வரும்போது இன்னொன்றும் பார்த்தேன். துர்காவுக்கு மணல் சுட்டது போலிருக்கிறது, முன்னும் பின்னுமாகத் தத்தித் தத்தி நடந்தாள். பலராமன் அண்ணன் எங்கேயோ போய் அவள் செருப்பைத் தேடி எடுத்துவந்து, கையிலேயே தூக்கிக்கொண்டு நடந்தார், அவள் காலடியில் போடுகிறவரை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்தார்கள். எனக்கு அது போதும். அவர்மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி அங்கேயே விட்டேன். கால்வாசியை வைத்திருக்கிறேன், ஏலத்தில் உதவும்.

கோயிலில் விளக்கு வெளிச்சத்தில் பதக்கம் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது, பத்தர் சொன்னது சரி. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் வந்தால் பூசாரியே அதைத் திருப்பிக் காட்டுகிறார். பிள்ளைச்சாவடியிலிருந்து என் தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, அவர்கள் ஊர் அம்மனுக்கும் இப்படிக் கட்ட வேண்டும் என்கிறாள். பத்தருக்குத் தலைகால் புரியவில்லை.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

இத்தனை மாசமும் நான் உங்களை வா என்று ஒரு தரம்கூட எழுதவில்லை. தலைகுனிந்து வருகிற புருஷன் எனக்கு வேண்டாம் என்றுதான் எழுதவில்லை. ராத்திரியில் பாதித் தூக்கத்தில் கை உங்கள் பாயைத் தடவும், பாய் சில்லென்று இருக்கும், அப்போதுகூட எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். வாருங்கள். ஆனால் ஒரு கண்டிஷன்.

விடியுமுன்னால் வந்து சேருகிற பஸ்ஸில் ஏறாதீர்கள். யாரும் பார்க்காமல் பின்பக்கச் சந்து வழியாக வீட்டுக்குள் நுழையாதீர்கள். பட்டப்பகலில் வந்து இறங்குங்கள். ஆட்டோ பிடிக்காதீர்கள். பெரிய மார்க்கெட்டுக்குள் புகுந்து, மீன் விற்கிற எங்கள் வரிசை நடுவே, கை வீசி நடந்து வாருங்கள். ஒருத்தரைப் பார்த்தும் கண்ணைத் தாழ்த்தாதீர்கள். நான் என் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். எழுந்து வர மாட்டேன், நீங்கள்தான் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். அந்தப் பரிவட்டத்தை மடித்து மடியிலேயே வைத்திருப்பேன். அதை உங்கள் தலையில் கட்டுகிறபோது எத்தனை பேர் பார்த்தாலும் எனக்குக் கூச்சமில்லை.

அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

பார்த்துக்கொண்டே இருக்கும்
உங்கள் அஞ்சலாட்சி